பத்தாவது வரிசை, ஏழாவது தலை

2014 ஆகஸ்டு 10, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓவிய வகுப்பறையில் தபால்தலை சேகரிப்போர் சங்கத்தின் மாதக் கூட்டம் நடந்தது. பதினேழு பேர் வந்திருந்தார்கள். கூட்டக் குறிப்பேட்டில் மூன்றாவது பொருளாக இப்படிப் பதிவாகியிருக்கிறது: 'திரு. டே. நேசக்குமார் பார்வைக்கு வைத்த இலங்கைப் பச்சைத் தலையில் தெரியும் இரட்டைக் கோடுகள் அச்சுத் தகட்டைத் திருத்தியதால் வந்தவை அல்ல. பின்னாளில் பேனாவால் வரையப்பட்டவை. பரிசோதித்தவர்: திரு. ஆவுடையப்பன்.'

ஆவுடையப்பனின் கண்ணுக்கு அந்த அறையில் மறுபேச்சு கிடையாது. துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் டிராஃப்ட் சர்வே பார்த்தவர். கப்பலின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களுக்கு எதிரே கடல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, உள்ளே எத்தனை டன் நிலக்கரி இருக்கிறது என்று கணக்கிடுகிற வேலை. அலை ஏறும், இறங்கும். ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதக் கூடாது. படகில் நின்றபடி ஏற்றத்தையும் இறக்கத்தையும் பலமுறை பார்த்துத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். இந்தப் பொறுமையோடுதான் அவர் தபால்தலைக்கும் வந்தார்.

அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு தலை. ராணியின் பக்கவாட்டு முகம் போட்ட பழைய இலங்கைப் பச்சை. அந்தக் காலத்தில் உலோகத் தகட்டில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பதித்து, தாள் தாளாக அச்சடித்தார்கள். வரிசைக்குப் பன்னிரண்டு, இருபது வரிசை, ஆக இருநூற்று நாற்பது ராணிகள். ஆயிரக்கணக்கில் அச்சடித்ததும் தகடு தேயும். கழுத்துக் கோடோ காதோரக் கோடோ மங்கினால், தொழிலாளி அந்த ஒரு முகத்தை மட்டும் மறுபடியும் அழுத்துவான், அல்லது கூரான உளியால் கீறிவிடுவான். பழைய கோட்டுக்கு மயிரிழை தள்ளி இன்னொரு கோடு விழும். அன்றிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு தாளிலும் அதே இடத்து ராணிக்கு அதே இரட்டைக் கோடு. நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் முகம் தெரியாத ஒருவன் செய்த அந்த ரிப்பேரைக் கண்டுபிடித்து, அது எந்த வரிசையில் எத்தனையாவது முகம் என்று சொல்வதுதான் ஆவுடையப்பனின் பாடு. அப்படி இருநூற்று நாற்பதில் நூற்றுத் தொண்ணூறு இடங்களை அவர் அடையாளம் கண்டிருந்தார்.

நேசக்குமார் அவருடைய முப்பது வருஷ நண்பர். நாசரேத்துக்காரர், அங்கிருந்தே பஸ்ஸில் வந்து தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அன்றைக்கு அவர் ஆல்பத்தை விரித்து ஆவுடையப்பன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஏலே நேசா, இது எங்கன கெடச்சுது?"

"அப்பா பெட்டியில கெடந்துது, ஆவுடை. பீச் ரோட்டு கம்பெனிக் கடுதாசியில இருந்தது. கழுத்தப் பாரு, மூணு கோடும் ரெட்ட ரெட்டயா விழுந்திருக்கு. இடது ஓரத்துல தூண்டில் முள்ளு மாதிரி ஒரு கீறல். இதுவரைக்கும் யாரும் சொல்லாத இடம்டே."

ஆவுடையப்பன் தலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ராணியின் கழுத்துக்குக் கீழே மிளகு அளவில் ஒரு வட்ட நிழல் தெரிந்தது.

ஊரில் வளர்ந்த யாருக்கும் அந்த வட்டம் புரியும். கொழும்போடு வியாபாரம் பண்ணிய கம்பெனிகளில் வந்த கடிதத்துக்குப் பதில் போட்டானதும், அதை நீளவாக்கில் மடித்து, சுவரில் தொங்கும் கடுதாசிக் கம்பியில் குத்திவிடுவார்கள். கணக்கப்பிள்ளையின் கைப்பழக்கத்தில் குத்து எப்போதும் வலது மேல் மூலையில் விழும். தபால்தலை இருப்பதும் அந்த மூலையில்தான். ஆவுடையப்பனின் தகப்பனார் வைத்திருந்த பலசரக்குக் கடையிலும் அப்படியொரு கம்பி தொங்கியது. எத்தனையோ ராணிகளின் கன்னத்தில் கம்பி ஏறியதை அவர் பார்த்திருக்கிறார்.

"கம்பி ஓட்டைல்லா இது. பின்னால ரொம்ப நேர்த்தியா தாள் ஒட்டி அடைச்சிருக்கு" என்றார். லென்ஸை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். "ஓட்டைய அடைச்ச கை, அது தெரியாம இருக்கக் கோட்டையும் போட்டிருக்குடே. நல்ல கை. படம் வரஞ்சு பழகின கை."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஹார்பர் டிராயிங் ஆபீஸ் கைன்னு பச்சையாச் சொல்லும்வே" என்றார். ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். நேசக்குமாரின் தகப்பனார் டேவிட்சன் துறைமுகத்து வரைபட அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"சரி, இது தகட்டு ரிப்பேர்தாம்னா எந்த வரிசை, எத்தனாவது தலை? அதச் சொல்லு பாப்பம்" என்றார் ஆவுடையப்பன்.

நேசக்குமாரால் சொல்ல முடியவில்லை. ஆல்பத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து அவர் சங்கத்துக்கு வரவில்லை. மார்க்கெட்டில் எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார். அவர் கோபமாக இருக்கிறார் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். போகப் போக ஆவுடையப்பனே தெருவின் எதிர்ச்சாரிக்கு ஒதுங்கி நடக்கப் பழகினார். 2021 மே மாதம் தொற்றில் நேசக்குமார் இறந்தபோது ஊரடங்கு இருந்தது. போக முடியாததற்கு ஒரு காரணம் கிடைத்ததில் அவருக்குச் சின்ன ஆறுதலும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

*

2024 பிப்ரவரி முதல் வாரத்தில் பழைய பேப்பர் கடை சுடலைக்கண்ணன் சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றே குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி! ராணியம்மா ஒங்களத் தேடி வந்திருக்கா!"

உள்ளே இருந்து ஆவுடையப்பனின் மனைவி உமாராணி, "வந்தவ பாத்திரம் கழுவுவாளான்னு கேளுங்கண்ணே. அப்பத்தான் உள்ள விடுவேன்" என்றாள்.

"இவ எங்கம்மா கழுவுவா? இவளே ரெண்டு மாசம் தண்ணியில ஊறிட்டுல்லா வாரா."

டிசம்பர் வெள்ளத்தில் பீச் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் ஓட்டுக்கூரை இறங்கிவிட்டது. இடித்துச் சுத்தம் பண்ணியவர்கள் காகிதத்தை எல்லாம் சுடலைக்கண்ணனுக்குத் தள்ளிவிட்டார்கள். சாக்குக்குள் இருந்தது துருப்பிடித்த ஒரு கடுதாசிக் கம்பி. அதில் குத்தியிருந்த கடிதங்கள் நனைந்து, ஒட்டி, பிறகு வெயிலில் காய்ந்து ஒரே கட்டியாகக் கிடந்தன.

"கருவாடு மாதிரி கெடக்கு. ஒங்களுக்கு ஆவுமா ஆவாதான்னு பாருங்க. ஆவலன்னா எடைக்குப் போட்டுருதேன்."

"போட்டுராத. வச்சுட்டுப் போ."

நான்கு நாள் காலையில் ஆவுடையப்பன் அந்தக் கட்டியோடு உட்கார்ந்தார். எவர்சில்வர் தாம்பாளத்தில் நல்ல தண்ணீர் விட்டு, ஊறவைத்து, ஒவ்வொரு ஏடாகப் பிரித்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து உலர்த்தினார். பாதிக்கு மேல் உளுத்துப் போயிருந்தது. மிஞ்சிய நாற்பத்தொரு கடிதங்களும் கொழும்பிலிருந்து ஒரே ஆள் எழுதியவை. முகவரி எழுதிய மை வெள்ளத்தில் கரைந்து, காபி சிந்தியது போல் பரவிக் கிடந்தது. பெயர்கூட வாசிக்க முடியவில்லை. தலைகள் மட்டும் பச்சை கலையாமல் இருந்தன.

இருபத்தாறாவது கடிதம் கனமானதாக இருந்திருக்க வேண்டும். அதில் இரண்டு தலைகள், கிழிக்காமல் ஜோடியாக ஒட்டியிருந்தன. கம்பி வலதுபக்கத்து ராணியின் நெற்றியில் ஏறியிருந்தது. இடதுபக்கத்தில் ஓட்டை இல்லை. அவர் லென்ஸை இடதுபக்கத்தில் வைத்தார்.

கழுத்தில் மூன்று கோடுகள். மூன்றும் இரட்டை. இடது ஓரத்தில் தூண்டில் முள் போல் ஒரு கீறல்.

லென்ஸைக் கீழே வைத்தார். எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். பிறகு கப்பலுக்குச் செய்வதுபோல, வெளிச்சம் மாறும்வரை காத்திருந்து மறுபடியும் பார்த்தார். பதினொரு மணிக்கு ஒரு முறை, உச்சிக்கு ஒரு முறை. கோடுகள் இருந்த இடத்தில் இருந்தன. வெள்ளம் பேனா மையை எல்லாம் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது, இந்தக் கோட்டில் ஒரு இழைகூடப் பிசிறவில்லை. விரல் நுனியை வைத்தால் அச்சு மை தாளுக்கு மேலே மேடாகத் தட்டுப்பட்டது. வலதுபக்கத்து ராணியை அவருக்கு ஏற்கெனவே தெரியும். தாடைக்குக் கீழே ஒற்றைப் புள்ளி உள்ளவள், பத்தாவது வரிசையில் எட்டாவது. அப்படியானால் இடதுபக்கத்தவள் ஏழாவது.

மேஜையில், இந்தத் தகட்டுத் திருத்தங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் அச்சுப்படி இருந்தது. இருபத்திரண்டு வருஷ உழைப்பு. எழுபத்தொன்றாம் பக்கத்தை எடுத்தார். 'ஏமாறக் கூடாத இடங்கள்' என்ற தலைப்பின் கீழ் நேசக்குமாரின் தலை, பத்து மடங்கு பெரிதாக. 2014 கூட்டத்தில் செயலாளர் எடுத்த படம். 'கம்பி ஓட்டையை மறைக்கப் பேனாவால் வரைந்த கோடுகள்' என்று அடியில் இருந்தது. பெயர் போடவில்லை. போடாமலே உள்ளூரில் பதினேழு பேருக்குத் தெரியும். அவர் படத்தையும் ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே உளி. ஒரே கீறல்.

நேசக்குமாரின் தலையில் ஓட்டை இருந்தது உண்மை. அதை யாரோ அடைத்ததும் உண்மை. கோடுகள் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே தகட்டில் விழுந்தவை. இரண்டும் ஒரே இடத்தில் நெருங்கி நின்றதைப் பார்த்ததும், ஊர்ப் பழக்கம் தெரிந்த மிதப்பில், ஓட்டையோடு கோட்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் அவர். கம்பி ஓட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரன் யாராவது பார்த்திருந்தால் கோட்டை மட்டும் பார்த்திருப்பான். அன்று அவர் எவ்வளவு நேரம் பார்த்தார்? ஒரு நிமிஷம். நிலக்கரிக் கப்பலுக்கு அரைமணி நேரம் கொடுத்தவர்.

அச்சகத்து இன்பமணி போன் பண்ணினார். "அண்ணாச்சி, தாளெல்லாம் வெட்டி வச்சாச்சு. ஓகேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கு மெஷின்ல ஏத்திருவேன்."

"ரெண்டு நாள் பொறு."

"திருத்தம் எதுவும் இருக்கா?"

"பொறுன்னு சொல்லுதேன்லா."

கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சுடலைக்கண்ணனுக்குக் கருவாட்டுக்கும் ராணிக்கும் வித்தியாசம் தெரியாது. நேசக்குமாரும் இல்லை, டேவிட்சன் சாரும் இல்லை. புத்தகம் வந்துவிட்டால் எழுபத்தொன்றாம் பக்கம் அப்படியே நின்றுவிடும்.

மூன்றாம் நாள் உமாராணி சோற்றுத் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன, எறங்க மாட்டேங்குதா?" என்றாள்.

"நேசன் கொண்டுவந்த தலை சரியானதுதான் உமா."

அவளுக்கு எந்தத் தலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "அப்பம் போய்ச் சொல்லுங்க."

"யார்ட்டப் போய்ச் சொல்ல?"

"அவங்க வீட்ல டீச்சர் இருக்காங்கல்லா."

"பத்து வருஷம் ஆச்சு. இப்பம் போய்க் கெளறி என்ன ஆவப்போவுது?"

உமாராணி மோர்ச் செம்பை வைத்தாள். "அந்த மனுசன் எதுர்ல வந்தா எதுர்ச்சாரிக்குப் போனிய. செத்ததுக்கும் போவல. இனி அந்தப் பக்கத்தப் பொரட்டும்போதெல்லாம் எந்தச் சாரிக்குப் போவிய?"

மறுநாள் காலையில் ஜோடித் தலையை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, லென்ஸையும் எடுத்துக்கொண்டு நாசரேத் பஸ் ஏறினார்.

ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் ஆகியும் சுவர்களில் சேற்றுக்கோடு அழியவில்லை. டீக்கடைச் சுவரில் நாலரை அடி, அதற்கடுத்த மருந்துக்கடையில் ஐந்து. பழக்கதோஷம், கண் தானாக அளந்தது. ஒரு வீட்டில் பாதிச் சுவருக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள்.

*

நேசக்குமாரின் மனைவி தேவகனி தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும் ஒரு கணம் அடையாளம் தெரியாதவர்போல் பார்த்தார். பிறகு, "வாங்க அண்ணாச்சி. உக்காருங்க" என்றார். கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள். ஒன்று நேசக்குமார். மற்றது கழுத்துப்பட்டை கட்டிய டேவிட்சன்.

காபி வந்தது. ஆவுடையப்பன் அதைத் தொடாமல், வழியெல்லாம் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு வந்ததை அடுக்கியபடியே சொன்னார். கிட்டங்கி, கம்பி, ஜோடித் தலை, வரிசை. கடைசியில், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு டீச்சர். நேசன் சொன்னதுதான் சரி" என்றார்.

"அந்த ஓட்டை?" என்றார் தேவகனி.

"ஓட்டை உண்டு. பின்னால தாள் ஒட்டி அடைச்சிருக்காங்க."

"முன்னால?"

"முன்னால யாரும் தொடல. அது தகட்டுலயே உள்ள கோடு."

"அப்படின்னா மாமா சொன்னது அட்சரம் பிசகாம சரி."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். "டேவிட்சன் சாரா? அவர்ட்ட யாரு கேட்டா?"

"இவங்கதான் கேட்டாங்க. அன்னைக்கே." அவர் சுவரைப் பார்க்காமல் பேசினார். "சாயங்காலம் வந்தாங்க. மாமா அந்த நாற்காலியில இருந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. எண்பத்தாறு வயசு. 'இதுல நீங்க பேனா வச்சீங்களாப்பா'ன்னு கேட்டாங்க. 'பின்னால டிரேசிங் தாள் ஒட்டினேன். முன்னால தொடல'ன்னாங்க மாமா. 'ஆவுடை பாத்துட்டுச் சொல்லுதான்பா'ன்னாங்க. 'அவன் சொன்னா?'ன்னு மாமா கேட்டாங்க. 'அவன் கண்ணு தப்பாதுப்பா'ன்னுட்டாங்க."

"நேசனா அப்படிச் சொன்னான்?"

"அவங்கதான்."

"எம்மேல கோவத்துல இருந்தான்னுல்லா நெனச்சேன்."

"கோவமா? ஒங்க மேலயா?" தேவகனி முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "அவங்களுக்கு வெக்கம் அண்ணாச்சி. தகப்பன் பண்ணின தப்ப சங்கத்துல கொண்டுபோய்க் காட்டிட்டோமேன்னு வெக்கம். ஒங்க முகத்துல முழிக்க முடியலன்னு சொல்லுவாங்க."

வெளியே தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

"எங்க வீட்ல ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால குடும்ப ஜெபம் உண்டு" என்றார் தேவகனி. "எனக்குக் கல்யாணமாகி வந்த நாளையில இருந்து மாமாதான் நடத்துவாங்க. ஒவ்வொருத்தர் பேரா சொல்லுவாங்க. மெட்ராஸ்ல இருக்க மக ஜெமி பேரு, பேரப்பிள்ளைங்க பேரு, பக்கத்து வீட்டுக்காரங்க பேருகூட. ஒங்க பேரும் வரும், தெரியுமா? 'படகுல ஏறி இறங்குத ஆவுடையப்பனக் காத்துக்கொள்ளும்'னு. அன்னைக்கு ராத்திரி பைபிளை எடுத்து மகன் கையில கொடுத்துட்டாங்க. 'இனிமே நீ நடத்து. பொய் சொல்லுத வாய் எதுக்கு'ன்னாங்க. அதுக்கப்புறம் பதினோரு மாசம் இருந்தாங்க. ஒருநாள்கூட வாயத் தொறந்து ஜெபம் பண்ணல. ஆமென்கூடச் சொல்லல."

ஆவுடையப்பன் காபி டம்ளரைப் பார்த்தபடி இருந்தார். மேலே ஆடை கட்டியிருந்தது.

தேவகனி எழுந்து உள்ளே போய் ஆல்பத்தை எடுத்துவந்து, தேடாமலே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார். பச்சைத் தலை அதே இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே நேசக்குமாரின் சாய்ந்த கையெழுத்து: 'தகட்டுத் திருத்தம் அல்ல. என் தகப்பனார் பேனாவால் வரைந்தது. ஆவுடை சொன்னது சரி. 10.8.2014.'

'ஆவுடை சொன்னது சரி' என்பதை ஆவுடையப்பன் இரண்டு முறை வாசித்தார். பிறகு அட்டைக்கட்டைப் பிரித்து, ஜோடித் தலையை அந்தப் பக்கத்தின் மேலேயே வைத்தார்.

"பாருங்க டீச்சர்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரிய வேண்டாம். ரெண்டு கழுத்தையும் பாருங்க, போதும்."

அவர் லென்ஸை வாங்கிக் குனிந்தார். முதலில் இதில், பிறகு அதில், மறுபடியும் இதில். பிள்ளைகளின் காப்பி அடித்த விடைத்தாள்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய கண்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். "இந்த முள்ளு மாதிரிக் கோடு, அது வளையுத இடங்கூட ஒண்ணுதான்." லென்ஸைக் கீழே வைத்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. வழிந்தபடி விட்டுவிட்டார்.

"டீச்சர், என்ன மன்னிக்கணும்னு கேக்கதுக்கு..."

"எங்கிட்டக் கேக்காதீங்க அண்ணாச்சி. நீங்க தப்புப் பண்ணினது எங்கிட்ட இல்ல. இவங்கதான் இதுல எழுதி வச்சிட்டுப் போயிட்டாங்க. இதுக்குக் கீழ நீங்க எழுதுங்க. அப்புறம், எங்க வச்சு சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

மேஜையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். ஆவுடையப்பன் ஆல்பத்தில் ஒருநாளும் பேனாவால் எழுதியதில்லை. பென்சில்தான் முறை. அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் குனிந்து எழுதினார். தேவகனி தலைகீழாகவே வாசித்துக்கொண்டு நின்றார்.

"'நான் சொன்னதில் தவறு இருக்கலாம்'னு எழுதியிருக்கிய. இருக்கலாமா? இருக்கா?"

அவர் அந்த வரியை அடித்தார். அடியில் மறுபடி எழுதினார்: 'நான் சொன்னது தவறு. இது தகட்டுத் திருத்தம். பத்தாவது வரிசை, ஏழாவது தலை. டேவிட்சன் பின்புறம் தாள் மட்டுமே ஒட்டினார். ஆவுடையப்பன், 16.2.2024.'

தேவகனி வாசித்தார். அடித்த வரியும் அப்படியே தெரியும்படி இருந்தது. "சரி" என்று ஆல்பத்தை மூடினார். "கூட்டம் என்னைக்கு?"

"மார்ச் பத்தாந்தேதி. ஞாயித்துக்கிழமை."

"கோயில் முடிஞ்சு வந்துருதேன்."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டிலேயே நின்று இன்பமணிக்குப் போன் பண்ணினார். எழுபத்தொன்றாம் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். அந்தப் பக்கத்தை எடுத்தால் பின்னால் எல்லா எண்ணும் மாறும், ஒரு மாசம் தள்ளும் என்றார் இன்பமணி. தள்ளட்டும் என்றார் இவர்.

*

மார்ச் கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். 2014இல் இருந்தவர்களில் ஆறு பேர். அதே ஓவிய வகுப்பறை. கரும்பலகையில் யாரோ ஒரு மாணவன் பாதி வரைந்த பூச்சாடி இருந்தது. தேவகனி வெள்ளைச் சேலையில், மடியில் ஆல்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் யாரும் இல்லாத சங்கம் அது. யாருக்கும் அவரிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

முதல் இரண்டு பொருள்கள் முடிந்ததும் ஆவுடையப்பன் எழுந்தார். அவர் ஆரம்பிக்குமுன் தேவகனி கையைத் தூக்கினார்.

"பழைய நோட்டுல எழுதியிருக்கத முதல்ல வாசிங்க. இங்க புதுசா வந்தவங்களுக்கும் தெரியணும்."

செயலாளர் ஆவுடையப்பனைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். பழைய குறிப்பேட்டை பீரோவிலிருந்து எடுத்து, தூசி தட்டி, மூன்றாவது பொருளை வாசித்தார்கள்.

ஆவுடையப்பன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாசித்தார். கம்பி ஓட்டையைத் தனியாகவும் கோட்டைத் தனியாகவும் பார்க்கத் தவறியது தன் பிழை என்றார். "அன்னைக்கு படம் வரஞ்சு பழகின கைன்னு சொன்னேன். அது டேவிட்சன் சாரக் குறிச்சுச் சொன்னதுதான். குறிக்கலன்னு இப்பம் சொன்னா அதுவும் பொய். அவர் வரையல. நேசக்குமார் கண்டுபிடிச்சது சரி." தாளில் இல்லாத இன்னொரு வாக்கியத்தையும் சொன்னார்: "நான் பாத்தது ஒரு நிமிஷம்."

ஜோடித் தலையும் ஆல்பமும் லென்ஸும் கை மாறிப் போயின. பத்து வருஷம் முன்பு பின்வரிசையிலிருந்து பேசியவர் இப்போது முன்னால் உட்கார்ந்திருந்தார், காது மந்தம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எந்த வரிசைவே இது?" என்று சத்தமாகக் கேட்டார்.

"பத்தாவது வரிசை. ஏழாவது தலை."

அவர் தலையாட்டிவிட்டு லென்ஸை அடுத்தவருக்குக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை. தேவகனி ஆல்பத்தை வாங்கிக்கொண்டார். எல்லோரும் கையெழுத்துப் போடும்வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தார்.

அன்றைய குறிப்பேட்டில் மூன்றாவது பொருளாக இப்படி இருக்கிறது: '10.8.2014 கூட்டத்தின் மூன்றாவது பொருள் ரத்து செய்யப்படுகிறது. திரு. டே. நேசக்குமார் (காலமானார்) பார்வைக்கு வைத்த தலை தகட்டுத் திருத்தமே. இடம்: பத்தாவது வரிசை, ஏழாவது தலை. கண்டறிந்தவர்: நேசக்குமார். இனி சங்கத்தின் பரிசோதகராக இருக்க விரும்பவில்லை என்று திரு. ஆவுடையப்பன் தெரிவித்தார். ஏற்கப்பட்டது.'

நான்காவது பொருள் மின்விசிறி ரிப்பேர். கூட்டம் ஐந்து மணிக்கு முடிந்தது. தேவகனி ஐந்தரை மணி பஸ்ஸில் நாசரேத் போனார்.